எடுத்தவர்: அருமைநாயகம்

சீட்டில்லாத நத்தை ஓடு வெறும் சுண்ணாம்பு என்று துரை சொல்வார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொன்னார். எந்த ஊர், எந்தக் குளம், என்ன தேதி, எவ்வளவு ஆழம், எடுத்தவர் யார். இந்த ஐந்தையும் எடுத்த இடத்திலேயே நின்று பென்சிலால் எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து எழுதுகிறவன் திருடன். பிறர் கொண்டுவந்ததை வாங்கியிருந்தால் ‘வாங்கியது’ என்று மறைக்காமல் எழுதிவிட வேண்டும். அப்படி எழுதிய ஓடுகளைத் துரை ஒரு தனிப் பெட்டியில் போடுவார். அந்தப் பெட்டியை அவர் மறுபடி திறந்து நான் பார்த்ததில்லை.

துரை ஓய்வுபெற்ற ரயில்வே இன்ஜினியர். பாளையங்கோட்டையில் பங்களா. பாலம் கட்டி ஓய்ந்த கைக்கு வேறு வேலை வேண்டியிருந்தது, நத்தையைப் பிடித்துக்கொண்டார். மலையடிவாரத்திலிருந்து கடல் வரைக்கும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் என்னென்ன நத்தை உண்டு, எங்கெங்கே உண்டு, எது குறைந்து வருகிறது என்று எழுதிவைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்பார். நல்ல மனுஷன். கேலியாகச் சொல்லவில்லை. ஒரு மரத்தை வெட்டினால் அதன் அடியில் ஈரத்தில் இருந்த நத்தைக்காக வருத்தப்படுகிற மனுஷனை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. முப்பது வருஷம் இந்த நாட்டில் இருந்தும் அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்: சீக்கிரம், தண்ணி, போ. மற்ற தமிழுக்கெல்லாம் நான்தான் அவர் வாய், நான்தான் அவர் காது. உபதேசியார் மகன், மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்தவன், கையெழுத்து அச்சுக் கோத்தது போல் இருக்கும். அந்தக் கையெழுத்தால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

1912ஆம் வருஷம் மாசி மாதம் நெட்டாங்கரைக்குப் போனேன். பாளையங்கோட்டைக்கு மேற்கே பன்னிரண்டு மைல், கால்வாயின் கடைமடை. ஊர் முழுக்க ஒரு மிட்டாதாருக்குச் சொந்தம். அவர் துரைக்குச் சிநேகிதர், சேர்ந்து வேட்டைக்குப் போவார்கள். ஊரில் நீர்நிலை இரண்டு. மேலத்தெருவாருக்கு நல்லதண்ணிக் குளம். நான்கு பக்கமும் கருங்கல் படி கட்டியது. கீழக்குடிக்கு ஒரு குட்டை. கரையும் சேறு, உள்ளும் சேறு. கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கீழக்குடி ஜனங்கள் கால்வாயில் மோந்துகொள்வார்கள். மராமத்துக்குக் கால்வாயை அடைத்துவிட்டால் அந்தக் குட்டைதான் கதி. இரண்டுக்கும் நடுவே இரண்டு வயல் தூரம்தான். ஆனால் கீழக்குடியில் பிறந்தவன் நல்லதண்ணிக் குளத்துப் படியை மிதித்துவிட்டு முழுசாக வீடு திரும்ப முடியாது.

குட்டையில் இறங்கிச் சேற்றைச் சலித்துப் பார்ப்பதுதான் என் வேலை. நான் இறங்கவில்லை. சேறு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஞாயிறுதோறும் எல்லாரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று பாடுகிற வாய்தான் எனக்கும். ஆனாலும் கீழக்குடி ஜனங்கள் புழங்குகிற தண்ணீரில் முழங்கால் வரை நிற்க உடம்பு கூசியது. குடையைப் பிடித்துக்கொண்டு கரைமேல் நின்றேன்.

அப்போது கீழக்குடி இசக்கியம்மா இடுப்பில் பானையோடு வந்தாள். நாற்பது வயதிருக்கும், அறுப்புக்கும் நடவுக்கும் போகிறவள். பானை நிறைய நத்தை. அறுப்பு முடிந்து வேலையில்லாத மாதங்களில் அவர்களுக்கு நத்தைதான் கறி. பெரிய நத்தைகளுக்கு நடுவே புளியங்கொட்டை அளவில் ஏழு சின்ன நத்தைகள் கிடந்தன. கறுப்பு ஓடு, மேலே மூன்று வரி, வாயோரத்தில் செம்பு நிறம். துரையிடம் சேர்ந்த இந்த நாலு வருஷத்தில் நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

“இத எங்கன எடுத்தே?” என்று கேட்டேன்.

அவள் கண் ஒரு நொடி மேலத்தெருப் பக்கம் போய்த் திரும்பியது. “நம்ம குட்டையிலதான்யா. வேற எங்கன எடுப்பேன்?”

“எவ்வளவு ஆழத்துல?”

“மொழங்கால் ஆழம் இருக்கும். இந்தப் பொடிசு கறிக்கு ஆவாதுய்யா. ஓடு பல்லுல கடிபடும், யாரும் திங்க மாட்டோம். வேணும்னா எடுத்துக்கிடுங்க.”

ஒரு நாழி அரிசி கொடுத்து ஏழையும் வாங்கிக்கொண்டேன். சீட்டை எடுத்தேன். ஊர் நெட்டாங்கரை. இடம் கீழக்குடிக் குட்டை. ஆழம் முழங்கால். எடுத்தவர் என்ற இடம் வந்தபோது பென்சில் நின்றது. ‘வாங்கியது’ என்று எழுதினால் இந்த ஏழும் அந்தத் திறக்காத பெட்டிக்குப் போய்விடும். எடுத்தவர்: அருமைநாயகம் என்று எழுதினேன். அவள் சொன்ன பொய்க்கு மேல் என் பொய்யையும் ஏற்றிவைத்தேன். அவள் பொய் சொல்கிறாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

துரை லென்சை வைத்துப் பார்த்தவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. புத்தகங்களையெல்லாம் புரட்டினார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, என் தோளில் கை வைத்து, உலகத்தில் இதுவரை யாரும் எழுதிவைக்காத நத்தை இது என்றார். கல்கத்தாவிலிருந்து நத்தை நிபுணர் ஒருவர் ஆனி மாதம் வருவார், உயிரோடு பார்த்துவிட்டுப் பெயர் வைப்பார் என்றார். “தன் கையால் எடுத்தவன் பெயரை வைப்பதுதான் வழக்கம். உன் பெயர், அருமைநாயகம்!”

நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும் என்பார்கள். எனக்குப் பிறந்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் மனைவி ஞானசௌந்தரியிடம் சொன்னேன்.

“பிள்ளைக்குத் தாத்தா பேரு வைப்பாவ, பாத்திருக்கேன். நத்தைக்கா உங்க பேரு?” என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. என் தகப்பனார் பெயர் கல்லறைக் கல்லில்கூடக் கிடையாது. கல் வாங்க வசதியில்லை. என் பெயர் லத்தீனில், சீமைப் புத்தகத்தில், உலகம் உள்ள மட்டும் இருக்கப்போகிறது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

கீழக்குடி ஜனங்கள் நத்தை தின்பார்கள் என்று நான்தான் பேச்சுவாக்கில் துரையிடம் சொன்னேன். அவர் பதறிப்போனார். நிபுணர் வருவதற்குள் தின்று தீர்த்துவிட்டால்? அன்றே மிட்டாதாருக்குக் கடிதம் எழுதினார். ஆனி மாதம் வரை குட்டையில் ஒருவரும் இறங்கக் கூடாது, சேற்றைக் கலக்கக் கூடாது, அந்த ஜனங்களின் தண்ணீருக்கு வேறு ஏற்பாடு செய்துகொடுங்கள் என்று. மிட்டாதார் தன் காரியஸ்தரிடம் சொன்னார். பங்குனியில் உடைமுள்ளை வெட்டிக் குட்டையைச் சுற்றி ஆள் உயரத்துக்கு வேலி போட்டுக் காவலுக்குத் தலையாரியை நிறுத்தினார்கள். தினம் இரண்டு வண்டித் தண்ணீர் கீழக்குடிக்குப் போகும் என்று காரியஸ்தர் துரைக்குப் பதில் எழுதினார். வேலி வந்தது, வண்டி வரவில்லை. சித்திரையில் கால்வாயையும் அடைத்தார்கள்.

வேலியைப் பார்த்துவர மாதம் இருமுறை போவேன். கீழக்குடிப் பெண்கள் வறண்ட கால்வாயில் ஓரிடத்தில் தேங்கிக் கிடந்த கசத்திலிருந்து பச்சைத் தண்ணீரைச் சேலையில் வடிகட்டி எடுத்துப் போனார்கள். அதே கசத்தில்தான் மாடும் கிடந்தது. “ஆனி வரைக்கும் பொறுத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு வருவேன்.

சித்திரைக் கடைசியில் ஒருநாள் வெயிலில் நடந்து வந்த களைப்பு. காரியஸ்தர் என்னை நல்லதண்ணிக் குளத்துக்கு அழைத்துப் போனார். அந்தப் படியில் இறங்க எனக்கும் உரிமையில்லை. ஆனால் எனக்கு மோந்து ஊற்ற ஆள் உண்டு. கீழக்குடிக்கு அதுவும் இல்லை. ஒரு வேலைக்காரன் செம்பில் ஊற்றினான், நான் மேல்படியில் குனிந்து இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தேன். குனிந்த கண்ணுக்கு நேரே, தண்ணீருக்குள் கல்படியின் பக்கவாட்டில், அவை வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. கறுப்பு ஓடு, மூன்று வரி, வாயோரத்தில் செம்பு. நூறு இருக்கும், இருநூறு இருக்கும்.

“என்ன வே, புரையேறிட்டா? பையக் குடியும்” என்றார் காரியஸ்தர்.

கல்லில் ஒட்டி வாழும் ஜாதி நத்தை அது. கீழக்குடிக் குட்டையில் ஒரு கல் கிடையாது. நாலு வருஷம் நத்தையோடு கிடந்தவனுக்கு இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். என் பெயரை லத்தீனில் எழுதிப் பார்ப்பதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

இசக்கியம்மாவை வேலிக்கு அப்பால் ஓர் உடைமரத்தடியில் பிடித்தேன். கேட்டவுடன் அவளுக்கு முகம் வெளிறிவிட்டது.

“ஆமய்யா. பொய்தான் சொன்னேன். நம்ம குட்டையில நத்தை எப்பவோ தீந்துபோச்சு. விடியுமுன்ன போயி அந்தக் குளத்துப் படியத் தடவி எடுத்தேன். அங்கன எடுத்தேன்னு உங்ககிட்டச் சொல்ல முடியுமா? போன வருசம் எம் புருசன் பூதத்தான் ஒரு கொடம் மோந்ததுக்குப் புளியமரத்துல கட்டிவச்சு அடிச்சாவ. இன்னும் கால ஊனி நடக்க முடியல. யார்ட்டயும் சொல்லிராதீயய்யா.”

“சொல்ல மாட்டேன்” என்றேன். நான் சொன்ன வேகத்தைப் பார்த்து அவள் என்னைக் கும்பிட்டாள். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தாள். நான் காப்பாற்றியது என் பெயரை. அவளைக் காட்டிக்கொடுக்காமலே துரையிடம் பாதி உண்மையைச் சொல்லியிருக்கலாம்: ‘வாங்கியது, இடம் நிச்சயமில்லை.’ அவ்வளவு போதும், மறுநாளே வேலி போயிருக்கும். நத்தை திறக்காத பெட்டிக்குப் போயிருக்கும், என் பெயரும் கூடவே போயிருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

வைகாசியில் கீழக்குடியில் வாந்திபேதி கண்டது. கசத்துத் தண்ணீர் வேறு என்ன செய்யும்?

பத்து நாள் கழித்து ஒரு காலையில் இசக்கியம்மா பாளையங்கோட்டைக்கு வந்து நின்றாள். பன்னிரண்டு மைலும் நடந்து வந்திருந்தாள். பங்களா வாசலில் தோட்டக்காரன் அவளைத் துரத்த, அவள் கத்த, சத்தம் கேட்டுத் துரை வராந்தாவுக்கு வந்துவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் என்னைப் பார்த்ததும் தரையில் விழுந்தாள்.

“அய்யா, துரைகிட்டச் சொல்லுங்க. நாந்தான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க. அது நல்லதண்ணிக் குளத்து நத்தை. குட்டையில ஒண்ணுங் கெடையாது. என்னக் கட்டிவச்சு அடிக்கட்டும், கொல்லட்டும். வேலிய மட்டும் பிரிக்கச் சொல்லுங்க. எங்க குடியில ஆறு பேரு போயாச்சு. எம் மவ வடிவுக்கு இது மாசம். தலப்பிரசவம். இன்னைக்கோ நாளைக்கோ இருக்கா. அந்தக் கசத்துத் தண்ணியத்தான் குடிச்சுக்கிட்டுக் கெடக்கா. அவ மட்டும் பொழைச்சாப் போதும்.”

முதுகைக் காட்டிக் குனிந்தாள். அடிக்கிறவன் அங்கேயே அடிக்கலாம் என்பது போல. துரைக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சொல்லும் புரியாமலே கலங்கியது.

“என்ன சொல்கிறாள்?” என்று இங்கிலீஷில் என்னைக் கேட்டார்.

வராந்தாவில் அடுக்கியிருந்த ஓட்டுப் பெட்டிகளுக்கு மேல் அந்த ஏழு ஓடுகளும் கண்ணாடித் தட்டில் இருந்தன. பக்கத்தில் என் சீட்டு. நான் அதைப் பார்த்தேன். அவளைப் பார்க்கவில்லை.

“குட்டை நத்தையை இவர்கள் தின்றுவந்தார்களாம். அதற்கு மன்னிப்புக் கேட்கிறாள். பசி, வேலியைத் திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சுகிறாள்” என்றேன்.

பாவம் பார்த்துத் திறந்துவிடுவார், அவளுக்கும் காரியம் ஆகும், எனக்கும் பெயர் நிற்கும் என்று அந்த ஒரு மூச்சில் கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். துரையின் முகம் சுருங்கியது.

“அந்தச் சின்ன நத்தையையுமா? எவ்வளவு தின்றார்களாம்?”

“பானை பானையாக.”

அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். “அப்படியானால் வேலி கட்டாயம் இருக்க வேண்டும். இன்னும் ஒரு மாதம்தான். இவளுக்கு நன்றாகச் சாப்பாடு போட்டு அனுப்பு.”

“தண்ணீருக்கும் கஷ்டம் என்கிறாள்” என்றேன். அதுவரைக்கும் வந்தது வாய்.

“தினம் இரண்டு வண்டி போகிறதே? காரியஸ்தர் எழுதியிருக்கிறாரே?”

ஒரு வண்டிகூடப் போகவில்லை என்று நான் சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு குளத்துக்குப் போகும், குளத்திலிருந்து படிக்குப் போகும். அப்புறம் எங்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

“துரை என்ன சொன்னாவ?” என்று இசக்கியம்மா கேட்டாள்.

“யோசிக்கேன்னு சொல்லுதாவ” என்றேன்.

சோறு போட்டார்கள். அவள் சாப்பிடவில்லை. ஒரு குடம் கேட்டாள். பங்களாக் கிணற்றில் நிறைத்துத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பன்னிரண்டு மைலையும் திரும்பி நடந்தாள்.

அந்த வாரமே மேலத்தெருவுக்குப் பயம் பிடித்தது. வாந்திபேதி நம் பக்கம் ஏறிவந்துவிடக் கூடாது என்று காரியஸ்தர் நல்லதண்ணிக் குளத்தைச் சுத்தம் செய்ய உத்தரவு போட்டார். குளத்தில் மிச்சமிருந்த தண்ணீரில் வண்டி வண்டியாகச் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டினார்கள். நாலு நாள் கழித்துத் தண்ணீரை இறைத்துவிட்டுப் படிகளைத் தேய்த்துக் கழுவினார்கள். கழுவக் கீழக்குடியைத்தான் கூப்பிட்டார்கள். அதற்கு மட்டும் படியை மிதிக்கலாம். மேலத்தெருவுக்கு வீட்டுக்கு வீடு கிணறு உண்டு, அதனால் ஒரு குறையும் இல்லை. நான் அந்தப் பக்கம் போனபோது கரையில் வெந்த ஓடுகள் வெள்ளையாகக் குவிந்து கிடந்தன. காலில் மிதிபட்டு நொறுங்கின. உலகத்தில் அந்த நத்தை இருந்த ஒரே இடம் அது என்று எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். துரையிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் சுண்ணாம்பு விழாத மூலையில் ஒன்றிரண்டு மிஞ்சியிருக்குமோ என்னவோ. சொல்லவில்லை.

ஆனியில் நிபுணர் வந்தார். முழங்கால் வரை காற்சட்டையை மடித்துக்கொண்டு, நான் இறங்காத அந்தச் சேற்றில் இரண்டு நாள் நின்று சலித்தார். ஒன்றும் அகப்படவில்லை. துரை தன் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். நிபுணர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். அன்று சாயங்காலம் காட்சிப் பெட்டிக்குள் வைக்கத் துரை ஒரு பெரிய சீட்டு எழுதச் சொன்னார். என் கையெழுத்துத்தான் அழகு என்று நிபுணரிடம் பெருமையாகச் சொன்னார். மேலே லத்தீனில் நத்தையின் பெயர், அதன் வாலில் என் பெயர். கீழே: ‘ஒரே இடம், நெட்டாங்கரை, கீழக்குடிக் குட்டை. அற்றுப்போனது. காரணம், அங்குள்ள ஜனங்கள் தின்றது.’ அதன் கீழே, எடுத்தவர்: அருமைநாயகம். ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினேன்.

மறுநாள் வேலியைப் பிரித்தார்கள். மேற்பார்வைக்கு நிற்க வேண்டியவன் நான்தான், போய் நின்றேன். கீழக்குடியில் அதற்குள் பதினாலு பேர் போயிருந்தார்கள். ஜனங்கள் குடத்தோடு வந்தார்கள். கடைசியாக இசக்கியம்மா வந்தாள். அவள் கையில் குடம் இல்லை.

“வடிவு?” என்று கேட்டேன்.

“நான் தண்ணியோட வந்து சேந்த அன்னைக்கே போயிட்டா. வயித்துல உள்ளதும் போச்சு.”

நான் தரையில் கிடந்த வேலிமுள்ளைக் காலால் ஒதுக்கினேன். அவள் கேட்டாள்.

“நான் சொன்னத அந்தத் துரை நம்பலியாய்யா?”

“நம்பல” என்றேன்.

“நீங்க சரியாத்தான் எடுத்துச் சொல்லியிருப்பீய. அவனுக்கு மனசில்ல. நாங்க வெறும் வாயாச் சொன்னா யாரு நம்புவா?” மடியை அவிழ்த்து என் கையில் ஒரு பிடி போட்டாள். வெந்து வெளுத்த சின்ன ஓடுகள், மூன்று வரியோடு. “குளத்தக் கழுவையில பொறுக்கினேன். இனிமே எவனாவது இந்த நத்தைக்கு வேலி போட வந்தா இதக் காட்டுங்க. அப்பவாவது நம்புவானான்னு பாப்போம்.”

கும்பிட்டுவிட்டுப் போனாள். என்னைத்தான் கும்பிட்டாள்.

துரை செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. பெட்டிகளெல்லாம் சீமைக்குப் போய்விட்டன. அங்கே ஏதோ ஒரு கண்ணாடிக்குப் பின்னால் என் பெயர் இருக்கும். அவள் கொடுத்த பிடி ஓடு மட்டும் என் மேஜை இழுப்பறையில் ஒரு தகர டப்பாவில் கிடக்கிறது. பாதி பொடிந்துவிட்டது. எத்தனையோ தரம் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஊர் எழுதுவேன், குளம் எழுதுவேன், தேதி, ஆழம் எல்லாம் எழுதுவேன். எடுத்தவர் என்ற இடத்தில் இசக்கியம்மா என்று எழுத வேண்டும். அதை எழுதினால் சீமையில் இருக்கும் அந்தச் சீட்டையும் மாற்ற வேண்டும். கிழித்துப் போட்டுவிட்டு டப்பாவை மூடிவிடுவேன்.